கூட்டெருவும் காணி உறுதியும்



பெரும்போக அறுவடை முடிந்து, வட்டைகளில் வைக்கோல் கிடக்க, மாடுகள் அரிதாள் மேய்கின்ற காலத்தில் இதனை எழுதுகிறோம். மாரி பெய்து விட்ட தண்ணீர் இன்னும் கிணறுகளில் மேலே நிற்கிறது. இறக்காமம் குளத்தருகே நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெளிர் மஞ்சளாய் வயல் தெரிகிறது. ஆங்காங்கே புகையும் தெரிகிறது. அந்தப் புகையைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

வீட்டுத்தோட்டம் பற்றி உதவி நிறுவனங்கள் விநியோகிக்கும் துண்டுப்பிரசுரங்கள் பலவற்றை நாம் வாசித்திருக்கிறோம். சிலவற்றை நாமே மொழிபெயர்த்தும் இருக்கிறோம். "வசந்த காலத்தில் விதைகளை நடுக" என்று அவற்றில் எழுதியிருக்கும். பனி உருகி மண் இளகும் நாடுகளுக்கு அது பொருந்தும். எமது கரையோரத்துக்கு வசந்தம் எது? மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரையுள்ள அந்தக் குறுகிய காலம்தான். மண்ணின் அடியில் மாரியின் ஈரம் இருக்கிறது, வெயில் வந்துவிட்டது, வயல் வேலை ஓய்ந்திருக்கிறது, சித்திரையில் பின்னேர இடியோடு இரண்டொரு மழையும் எதிர்பார்க்கலாம். வைகாசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கதை முடிந்தது. இலை சுருளும், கிணறு இறங்கும், வெண்டியில் மஞ்சள் நரம்பு நோய் ஏறும். ஆகவே நடுவதானால் இப்போதே நட வேண்டும்.

என்ன நடுவது என்பதை எமது தாய்மார்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தரி, வெண்டி, பயற்றை, பாகல், கொச்சி, கீரை. தண்ணீர் ஓடும் பக்கத்தில் கங்குன், பொன்னாங்காணி. வேலியோரம் முருங்கையும் அகத்தியும். வுழூச் செய்யும் தண்ணீர் வீணாய் மணலில் போகும் வீடுகளில் அந்த வாய்க்காலின் முனையில் ஒரு வாழையோ பப்பாசியோ நிற்கலாம்; சவர்க்காரம் சேராத சுத்தமான தண்ணீர் அது.

பசளை விடயத்துக்கு வருவோம். ஓர் ஏக்கரில் இரண்டு தொன் நெல் விளைந்தால் ஏறக்குறைய அதே நிறை வைக்கோலும் விளைகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும் பகுதி மணியில் அல்ல, வைக்கோலிலேயே தங்கியிருக்கிறது. அதனைக் கொளுத்தும்போது நைதரசன் அநேகமாக முழுவதும் புகையாய்ப் போய்விடுகிறது. குளத்தருகில் நாம் கண்ட புகை அதுதான். அடுத்த மாதம் அதே விவசாயி கடைக்குச் சென்று கடனுக்குப் பசளை வாங்குவார். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோலை வயலிலிருந்து அள்ளி வருவது கூலிக்குக் கட்டாது என்று சொல்கிறார்கள். ஏக்கர் கணக்கில் அது உண்மையே. வளவுக்கு வேண்டியது ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டி வைக்கோல்தானே!

அந்த ஒரு பெட்டி வைக்கோலோடு வேலியில் நிற்கும் கிளிசறியா இலை, மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல் கொஞ்சம், சமையற் கழிவு என்பவற்றை அடுக்கடுக்காய்ப் போட்டு, மூன்று அடி உயரத்துக்குக் குறையாமல் கும்பி வைத்து, பிழிந்த துணியின் ஈரம் போல் ஈரம் காத்து, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் கூட்டெரு. மாசியில் வைத்த கும்பி வைகாசியில்தான் பயன் தரும் என்பதைக் கவனியுங்கள். இப்போதைய நடுகைக்கு உக்கிய பழைய சாணமும், பாத்தியின் மேல் பரப்பிய வைக்கோல் மூடாக்கும் போதும். இன்று வைக்கும் கும்பி அடுத்த ஐப்பசி மழைக்கானது. அதற்கு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் இட்டால் மணல் மண் கறுக்கத் தொடங்கும், மண்புழு வரும், ஒரு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் செடி வாடாது. எமது வெயிலில் சேதனப் பொருள் விரைவாய்க் கரைந்துவிடுவதால் ஒரு வருடம் இட்டு நிறுத்திவிட முடியாது. மூன்று வருடமாவது விடாமல் இட வேண்டும்.

இவ்விடயத்தை இறக்காமத்தை அண்டிய ஒரு குடியேற்றத்தில் சென்ற வருடம் நாம் விளக்கிக்கொண்டிருந்தோம். கடற்கரை ஊரொன்றிலிருந்து வந்தவர்கள், காட்டோரக் காணியை இழந்து வந்தவர்கள், முஸ்லிம்கள், தமிழர் என்று முப்பது பேரளவில் இருந்தார்கள். பேசி முடித்ததும் பின்னால் இருந்த ஒரு ராத்தா எழுந்தார்.

"எல்லாம் சரி பாதர். மூணு வரிசத்துக்கு நாங்க இஞ்ச இருப்பமா எண்டு ஆரு சொல்ற?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல், அடுத்த கூட்டத்தின் திகதியை அறிவித்துவிட்டு எழுந்து வந்தோம். அது சரியல்ல என்று அன்றிரவே தெரிந்தது. இக்கட்டுரை அந்த ராத்தாவுக்கு நாம் கொடுக்கத் தவறிய பதிலுக்கான முயற்சி.

அவருடைய கேள்வியில் சேதன விவசாயத்தின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. யூரியா இடுபவர் இன்று இட்டு அடுத்த கிழமை பச்சையைக் காண்கிறார். அறுவடையோடு கணக்குத் தீர்ந்துவிடும். கூட்டெரு இடுபவரோ நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் இடுகிறார். மண்ணில் போட்ட அந்த உழைப்பை இடம்பெயரும்போது சுருட்டிக்கொண்டு போக முடியாது. குத்தகைக்காரர் வயலுக்கு ஏன் எரு இடுவதில்லை என்று போடியார்மார் குறைப்படுவார்கள். அவர் ஏன் இடுவார்? கண்டி மலைநாட்டு வீட்டுத்தோட்டங்களை எல்லோரும் புகழ்கிறார்கள். பலாவும் மிளகும் கிழங்கும் கீரையும் அடுக்கடுக்காய் நிற்கும் அந்த வளவுகள் தலைமுறை தலைமுறையாய் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தவை என்பதை அநேகர் சொல்வதில்லை.

சோவியத் ஒன்றியம் சிதைந்து 1991 இன் பின் கியூபாவுக்கு எண்ணெயும் பசளையும் வராது போனபோது ஹவானா நகரத்து வெற்றுக் காணிகளிலெல்லாம் சேதன முறையில் மரக்கறி விளைந்தது. அந்தக் கதையைக் கருத்தரங்குகளில் நாமும் சொல்லியிருக்கிறோம். அங்கே அரசு தோட்டக்காரருக்கு அக்காணிகளைப் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்தது என்ற பாதியை மட்டும் அவசரத்தில் விட்டுவிடுவோம்.

எமது நாட்டில் என்ன நடந்தது? 2021 மே 6 ஆம் திகதிய வர்த்தமானியால் இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதி செய்யப்படுவது தடைசெய்யப்பட்டது. ஒரே இரவில் நாடு முழுவதும் சேதன விவசாயம் என்றார்கள். அதே வருடம் நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைச்சல் முந்திய வருடத்தை விட மூன்றிலொரு பங்குக்கும் மேல் குறைந்தது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையைத் தீங்கான பற்றீரியா இருப்பதாய்ச் சொல்லி இறக்க விடவில்லை. இறக்காத அப்பசளைக்கு ஏறத்தாழ எழுபது இலட்சம் டொலர் கட்டினோம். சேதனப் பசளைக்கு வாழ்நாள் முழுவதும் வாதாடியவர்களுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. இன்றும் எந்தக் கூட்டத்தில் 'சேதனம்' என்று வாய் திறந்தாலும் பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு கணக்கால் பதில் சொல்லலாம். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவிலே உலர்ந்த நிறையில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு செய்ய ஒன்றரைத் தொன்னிலிருந்து இரண்டேகால் தொன் வரை உலர்ந்த கூட்டெரு வேண்டும். ஈரத்தோடு நிறுத்தால் இன்னும் அதிகம். அதுவும் முதற் போகத்திலேயே முழுவதையும் பயிருக்குத் தராது. ஓர் ஏக்கர் வயலுக்கு ஏறத்தாழ இரண்டு மூட்டை போகிறதென்றால், அத்தனை எருவை யார் செய்வது, யார் சுமப்பது? அதிலும் ஆறு மாதத்தில்! வீட்டு வளவில் இக்கணக்கு தலைகீழாகிறது. மூன்றடி அகலம், பத்தடி நீளமான ஒரு பாத்திக்கு இரண்டு வாளி எரு போதும். ஒரு நாட்டு மாடு நாளொன்றுக்கு எட்டுப் பத்துக் கிலோ சாணம் இடுகிறது. வயலில் கட்டளையிட்டு முடியாதது வளவில் சொல்லாமலே முடியும். ஆகவே சேதன முறையை வளவில் தொடங்குங்கள். வயலை மெதுவாய், வைக்கோலைக் கொளுத்தாமல் விடுவதிலிருந்து மாற்றலாம் என்பதே எமது கருத்து. இதில் எம்மோடு உடன்படாத விவசாயப் போதனாசிரியர்கள் உண்டு. அவர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

2022 யூனில் மற்றுமோர் அறிவிப்பு வந்தது. உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்தார்கள். யூன், யூலை, ஓகஸ்ட்! அம்பாறைக் கரையில் கச்சான் காற்று மண்ணை வறுத்தெடுக்கும் மாதங்கள் அவை. கொழும்பில் அப்போது மழை பெய்திருக்கும்.

சிரிக்க எமக்கும் அதிக உரிமையில்லை. அதே வருடம் நாமும் விதைப் பொட்டலங்கள் பகிர்ந்தோம். உதவிப் பணம் வந்து சேர்ந்தது வைகாசியில். கணக்கு முடிக்க வேண்டிய திகதி ஆவணியில். ஆகவே ஆனியில் கொடுத்தோம். அதில் பாதி கலப்பின விதை. விளைந்த காயிலிருந்து விதை எடுத்தாலும் அடுத்த முறை தாயைப் போல் வராது. எத்தனை குடும்பம் பெற்றது என்று அறிக்கையில் எழுதினோம், எத்தனை முளைத்தது என்று எழுதவில்லை. இனிமேல் மாசிக்கு முன் விதை கிடைக்காவிட்டால் ஐப்பசிக்குக் காத்திருப்பது என்று எமது செயற்குழுவில் தீர்மானித்துள்ளோம்.

சேதன முறையை வளவில் வற்புறுத்துவதற்கு எமக்கு மற்றுமொரு காரணம் உண்டு. விளைச்சலை விட அது பெரியது. கல்முனைக் கரையோர மணலில் குடிகிணறும் தோட்டமும் ஒரே வளவிலேயே இருக்கின்றன. மணல் எதையும் தாங்காது. இன்று ஊற்றிய யூரியாக் கரைசல் நாளை நைதரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கும். கற்பிட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் செறிவாய்ப் பசளையிட்ட தோட்டங்களை அண்டிய கிணறுகளில் இது ஆய்வுகளால் காணப்பட்டது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைதரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அதற்கு மேற்பட்டால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே முதல் ஆபத்து. சேதனம் என்றாலே சுத்தம் என்று எண்ணிவிடவும் வேண்டாம். கிணற்றுக் கட்டோரம் பச்சைக் கோழி எருவைக் குவித்தால் அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். கும்பியைக் கிணற்றுக்கு எட்டத்தில், மழைத்தண்ணீர் ஓடிவராத மேட்டில் வையுங்கள். கோடையில் மோட்டரைப் போட்டு விடாமல் இறைக்கவும் வேண்டாம். மணலில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழுள்ளது மேலே வரும்.

இப்போது காணிக்கு வருவோம். "கத்தரிக்காய் நடச் சொல்லி எங்கள் காணிக் கேள்வியை மறக்கடிக்கிறீர்கள்" என்று ஓர் இளைஞர் எம்மிடம் கோபித்தார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. நிவாரணத்துக்குப் பிறகு விதைப் பொட்டலம், அதற்குப் பிறகு பயிற்சிப் பட்டறை என்று வருடங்கள் போகின்றன. சொந்த வயலின் கதை கோப்பிலேயே கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதன் பின் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் விதித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள், இடையில் எத்தனை குடும்பங்கள் வளவை விட்டுப் போயின! சுனாமியில் வீடிழந்தோருக்கென்று சவூதி அரேபிய உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டிய 500 வீடுகள், வழக்கின் பின்னர், குடியேறுவாரின்றிப் பல வருடங்கள் காடு பற்றிக் கிடந்தன. ஐந்நூறு வீடென்றால் ஐந்நூறு வளவு. அங்கே விளைந்தது பற்றைதான்.

வளவு என்பது எமது பகுதியில் வெறும் நிலமுமல்ல. தமிழ்க் குடும்பத்திலும் முஸ்லிம் குடும்பத்திலும் வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாய்ப் போவது இக்கரையின் வழக்கம். உம்மாவின் வளவில் அவள் நட்ட முருங்கை மகளுக்கு, மகளின் தென்னை பேத்திக்கு. இடம்பெயர்ந்த பின் புதிய வீடு கொடுக்கும்போதோ 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டுக் கணவனின் பெயரை எழுதினார்கள். சீதன வளவை இழந்த பெண்ணுக்குப் பதிலாய்க் கிடைத்த வளவில் அவளுக்கு உறுதியில்லை. அரச காணியில் இன்னும் மோசம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரித்தில் மகளுக்கு முன் மகனை நிறுத்தியிருந்தது; 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, கச்சேரிப் பழக்கம் மாறிவிட்டதா என்று நீங்கள்தான் எமக்கு எழுத வேண்டும்.

2024 இல் 'உறுமய' என்ற பெயரில் முழு உரித்து வழங்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ கையில் உள்ளவருக்கு அது நல்லது. பத்திரமே எரிந்துபோனவருக்கு, கடல் கொண்டுபோனவருக்கு? அவர்கள் முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் தமது பெயர் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். கேட்ட கடிதத்தின் பிரதியைப் பத்திரமாய் வையுங்கள். வளவின் பழைய தென்னை, கிணறு, எல்லைக்கல் என்பவற்றை அறிந்த முதியவர் உயிரோடிருக்கையில் அவர் வாக்கைச் சத்தியக் கடதாசியாய் எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வேலையையும் நடுகைக் காலத்து வேலைகளில் ஒன்றாய்ச் சேர்த்துக்கொள்ளும்படி எமது கிராமக் குழுக்களைக் கேட்கிறோம்.

ஆக, ராத்தாவுக்கு எமது பதில் என்ன? இருப்பீர்களா என்று எமக்குத் தெரியாது. தெரியாத காலத்துக்கு மூன்று வருட மண்ணைக் கட்டச் சொல்ல எமக்கு உரிமையில்லை. சும்மா இருங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. கொச்சியும் கீரையும் வாங்கும் காசு கைக்கு மிஞ்சினால் அது பிள்ளையின் கொப்பிக்கு உதவும். ஆகவே தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டத்தைச் செய்யுங்கள்.

வெறும் யூரியாப் பைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. நன்றாய்க் கழுவி, அடியில் நாலைந்து துளையிட்டு, மண் ஒரு பங்கு, உக்கிய சாணமோ கூட்டெருவோ ஒரு பங்கு, கரியுமியோ மணலோ ஒரு பங்கு கலந்து நிரப்பினால் ஒரு கத்தரிச் செடி தாராளமாய் நிற்கும். காய்த்து ஓய்ந்த கத்தரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும். கச்சான் தொடங்கியதும் பைகளைச் சுவரின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றலாம். நிலத்தில் நின்ற செடிக்கு அந்த வசதியில்லை. மற்றொரு வீட்டுக்குப் போக நேர்ந்தால் லாண்ட்மாஸ்டரில் பாய், பானையோடு அவையும் ஏறும். அந்தப் பையின் மண்ணும் உங்களுடையது. கொடியும் தடியும் அப்படியே: வற்றாளைக் கொடி, பொன்னாங்காணித் தண்டு, முருங்கைத் தடி, மரவள்ளித் தடியை நிழலில் நிமிர்த்தி வைத்தால் சில கிழமைகள் தாங்கும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டை. ஆனி ஆடியில் பழுத்து விழும்போது பொறுக்கி, சதை கழுவி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டுங்கள். பூஞ்சணம் பிடித்தால் பயனில்லை. வேண்டும்போது பருப்பை இடித்து, லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் கணக்கில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்துப் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கமாய்த் தெளிக்க வேண்டும். பேன் பிடித்த பயற்றைக்குக் காலைப் பனியோடு அடுப்புச் சாம்பல் தூவுவது எமது பாட்டிமார் செய்ததுதான்.

உறுதியான காணி உள்ளவர்கள் பையோடு நிற்க வேண்டாம். கும்பி வையுங்கள், தேசியும் தென்னையும் நடுங்கள். உங்கள் கும்பியிலிருந்து ஒரு பெட்டி எரு பக்கத்து வளவில் தற்காலிகமாய் இருப்பவரின் பைகளுக்குப் போகட்டும். மாறாய் அவர் உங்களுக்குச் சாணம் பொறுக்கித் தரலாம்.

விதை பற்றி ஒன்று. பொட்டலத்தை நம்பியிருக்காமல், கலப்பினமல்லாத கத்தரியிலும் பயற்றையிலும் வெண்டியிலும் நோயில்லாத நல்ல செடி ஒன்றைத் துணி கட்டி அடையாளமிட்டு, அதன் முதற் காய்களிற் சிலவற்றைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். நன்றாய்க் காய்ந்த விதையைச் சாம்பல் கலந்து, மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, எந்த ஊரில் எந்த மாதம் எடுத்தது என்று கடதாசித் துண்டொன்றில் எழுதி உள்ளே வையுங்கள். இறக்காமத்து ராத்தாவின் வீட்டில் அப்படி மூன்று போத்தல்களைச் சென்ற மாதம் கண்டோம். அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் வைத்திருக்கும் அதே கைப்பைக்குள் அவற்றையும் வைத்திருந்தார்.